நெல்லோடு காய்ந்த கத்தி

டிரஸ்ஸர் மாசிலாமணி இறந்துபோன செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. காலையில் முகம் கழுவிவிட்டு வந்து போனைப் பார்த்தால், பழைய மாணவன் ஒருவன் அனுப்பிய ஃப்ளெக்ஸ் படம். நாலு பக்கமும் நெருப்பு எரிகிறது. நடுவில் வெள்ளை உடுப்பில் மாசிலாமணி, ஒருத்தன் கையிலிருந்து கத்தியைப் பறித்துக்கொண்டிருக்கிறார். மேலே ‘கத்தியை வென்ற காவலனே’ என்று கொட்டை எழுத்து. கீழே வருந்துகிறவர்களின் முகங்கள் வரிசையாக, பாதிப் பேர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. ஆள் போய்விட்டார் என்கிற துக்கம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவரை அறிந்த பழைய மாணவர்களான உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாசிலாமணி கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடுகிற வேலையில் இருந்தவர். வெட்டுக் குத்து என்று எது வந்தாலும் டாக்டர் தைத்த பிறகு அவர் கைக்குத்தான் வரும். தினம் அவிழ்த்து, துடைத்து, மருந்து வைத்து, திரும்பக் கட்டுவார். அதில் ஒரு வகைக் காயத்துக்கு அவரே பெயர் வைத்திருந்தார்: ‘பறிக்கப் போன கை’. உள்ளங்கையில் குறுக்கே ஒன்று, முன்கையில் நீளமாக ஒன்று. வெறுங்கையால் கத்தியைப் பறிக்கலாம் என்று எவனோ சொன்னதை நம்பிக் கையை நீட்டியவனின் காயம் அது. அப்படிச் சொல்லிக்கொடுக்கிறவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. அந்த மனுஷனைத்தான் கத்தி பறிக்கிறவராக்கி, நெருப்பு நடுவில் நிறுத்தி, பஸ் ஸ்டாண்டு வாசலில் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்தில் முகம் மட்டும்தான் மாசிலாமணியுடையது. உடம்பு வேறொருவருடையது. அது யாருடைய உடம்பு, அந்தப் போட்டோ எப்படி என் வீட்டுச் சுவரில் இத்தனை வருஷம் தொங்கியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு என் மேல் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில், கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ் மில் களத்தில் நான் கராத்தே கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒன்றரை வருஷம் கற்றுக்கொண்டு பாதியில் வந்தவன். என் இடுப்பில் இருந்த பெல்ட்டின் கறுப்பு, நானே சட்டியில் சாயம் காய்ச்சி முக்கியெடுத்த கறுப்பு. மழையில் நனைந்தால் வெள்ளை உடுப்பில் இறங்கும். இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் நான் ‘மாஸ்டர்’தான். விடியற்காலையில், அவித்த நெல்லைக் களத்தில் கொட்டுவதற்கு முன்பு, ஒன்றரை மணி நேரம் கிளாஸ். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் உள்ளங்காலில் புழுங்கல் நெல் வாசனை இருக்கும்.

அன்று கத்திக்குத்தைத் தடுக்கிற பாடம். கத்திக்குப் பதில் ஒரு மர ஸ்கேல். மாணவன் ஸ்கேலை நீட்டிக்கொண்டு வருவான், வந்து அப்படியே சிலை மாதிரி நிற்பான், நான் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கீழே தள்ளுவேன். களத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி என் வயதுள்ள ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். நைட் டூட்டி முடிந்து வந்த முகம். பாடம் முடிந்ததும் கிட்டே வந்து, “மாஸ்டர், அந்த ஸ்கேல நான் கொஞ்சம் வாங்கிக்கலாங்களா?” என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். வாய்ப்புண்ணுக்கும் தோல் புண்ணுக்கும் தடவுவோமே, அந்த ஊதா மருந்து. ஸ்கேலின் ஓரத்தில் துணியைச் சுற்றி அதில் மருந்தை ஊற்றிக்கொண்டு, “இப்ப புடுங்குங்க” என்றார்.

பிடுங்கினேன். எத்தனை நொடி ஆனதோ தெரியாது, ஆனால் பிடுங்கிவிட்டேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், “நல்லா புடுங்கினீங்க. இப்ப உங்க மேல வுழுந்த கோட்ட எண்ணுங்க” என்றார். குனிந்து பார்த்தேன். வெள்ளை உடுப்பில் முன்கையில் மூன்று, வயிற்றில் இரண்டு, தொடையில் ஒன்று. ஆறு என்றேன். அவர் விரலை நீட்டி என் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். “ஏழு. ஆறு வரைக்கும் எங்க டாக்டர் தைப்பாரு, நான் கட்டு கட்டுவன். ஏழாவதுக்கு எங்கிட்ட வர மாட்டீங்க மாஸ்டர். நேரா பின்னாடி பொண ரூமுக்குக் கொண்டுபோயிடுவாங்க.”

அந்த ஊதா நாலு நாளைக்குப் போகவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் நானே போய் அவரைக் கிளாஸுக்குக் கூப்பிட்டேன். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்ததால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், அவர் எதிராளியாக வெளியே நிற்பதைவிடக் கூட்டாளியாக உள்ளே நிற்பது எனக்கு நல்லது என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளாஸ். மூங்கில் பட்டையைக் கத்தி மாதிரி சீவி, ஓரம் முழுக்கக் கட்டுத்துணியை நெருக்கமாகச் சுற்றி, நூலால் கட்டிவைத்திருப்பார். மருந்தை மெடிக்கலில் வாங்கிவருவார். ஆஸ்பத்திரி பாட்டிலைத் தொட மாட்டார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கத்தியைத் தோய்க்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கோட்டை எண்ண வேண்டும். அதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். அடுத்தவன் உனக்கு எண்ணக் கூடாது. உன் உடம்பில் விழுந்ததை உன் வாயால் நீயே சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் அவர் விட்டுப்போன கோட்டை விரலால் தொட்டுக் காட்டுவார், அவ்வளவுதான். திட்ட மாட்டார். அந்த விரல் வந்து தொடுவதற்குத் திட்டே மேல் என்று பையன்கள் சொல்வார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: “ஓட முடிஞ்சா ஓடு. ஓட வழி இல்லன்னா கையில இருக்கறத அவன் மூஞ்சில எறிஞ்சிட்டு ஓடு. கத்து. ஆளக் கூட்டு. எதுவுமே முடியலன்னாதான் கைய நீட்டணும். நீட்டினா கோடு வுழும். வுழாதுன்னு எவனாவது சொன்னான்னா அவன் கத்தியில மருந்து இருக்கான்னு மோந்து பாரு.” மாணவர்களுக்கு இது ருசிக்கவில்லை. பாதிப் பேர் வராமல் நின்றுவிட்டார்கள். நின்றவர்களை நான் ரகசியமாகத் திங்கள்கிழமைக்கு வரச்சொல்லி, மர ஸ்கேலை வைத்துப் பழைய பாடத்தையே நடத்தினேன்.

அந்த வருஷங்கள் எப்படி இருந்தன என்று இப்போது உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பாதி நாள் பஸ் ஓடாது. தியாகதுருகத்துக்குப் போக வேண்டியவன் வயல் வரப்பைப் பிடித்து நடப்பான். கேட்டவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தின் முதுகில் ஏறிக்கொண்டு ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் இருந்த பழைய பகையெல்லாம் கூடவே வந்தது. யார் யாரை அடிக்க வரப்போகிறார்கள் என்று தெரியாமலே எல்லோரும் பயந்தார்கள். இடுப்பில் பீடிக்கட்டு வைத்துக்கொள்வதுபோல ஆளாளுக்கு ஒரு சூரிக்கத்தி வைத்துக்கொண்டார்கள். என் கிளாஸில் கூட்டம் சேர்ந்தது. ஊரே பயந்து கிடந்தபோது எனக்கு யோகம் அடித்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அப்போது மில்லுக்காரர் என்னைக் கூப்பிட்டு, காலனிப் பிள்ளைகளை வேறு நேரத்துக்கு வரச்சொல்லலாமே, எல்லோருக்கும் நல்லது என்றார். நான் தலையாட்டிவிட்டேன். களம் அவருடையது. மறுநாள் மாசிலாமணியிடம் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் நேராக மில்லுக்காரரிடம் போனார். “எங்கிட்ட ஒரே பாட்டில்தாங்க இருக்குது. ஆளுக்கு ஒரு பாட்டில்னு என்னால பிரிக்க முடியாதுங்க. பிரிச்சே ஆகணும்னா ஞாயித்துக்கெழம நான் வரலங்க” என்றார். மரியாதைக்குக் குறைவில்லை, குரலும் உயரவில்லை. மில்லுக்காரர் பழையபடியே நடத்தச் சொல்லிவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஊர்த் தெருப் பையன் ஒருவனும் காலனிப் பையன் ஒருவனும் வந்து, தடுக்கிறதெல்லாம் வேண்டாம், குத்தச் சொல்லிக்கொடுங்கள் என்று தனித்தனியாக அவரைக் கேட்டார்கள். ஞாயிறு இரண்டு பேரையும் களத்தில் எதிரெதிரே நிறுத்தி, ஆளுக்கு ஒரு தோய்த்த கத்தியைக் கொடுத்தார். நூறு எண்ணுவதற்குள் இரண்டு பேரும் மாட்டுப்பொங்கல் மாடு மாதிரி ஆகிவிட்டார்கள். “எண்ணுங்கடா” என்றார். ஒருவன் பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினான். மற்றவன் எண்ணவே இல்லை. “ரெண்டு பேரும் செத்துட்டீங்க. போயி உங்க உங்க தெருவுல நான்தான் ஜெயிச்சேன்னு சொல்லுங்க” என்றார். அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் அந்த ஊதாவோடு நாலு நாள் தெருவில் நடந்தார்கள் அல்லவா, அது போதும் என்பார் மாசிலாமணி.

இப்போது ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறிய ஒரு தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர். ஞாயிறு கிளாஸுக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வருவான். ஆரம்பத்தில் கோடு வாங்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. எப்போது பார்த்தாலும் எங்கேயாவது ஊதாவாக இருப்பதால் அவனுக்குக் கத்திரிக்காய் என்று பெயர். பஸ்ஸில் மலைக்காரர்கள், “இன்னா கண்டக்டரே, கழுத்துல மருந்து?” என்று கேட்டால், “நேத்து செத்துட்டங்க, அதான்” என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழிப்பான். நாலைந்து மாதத்தில் அவனுக்குப் பாடம் பிடிபட்டது. எதிராளி கையில் கத்தி ஏறும்போதே அவன் களத்தின் அந்தக் கோடியில் இருப்பான், வாயில் விசிலோடு. மாசிலாமணிக்கு அவன் மேல் தனிப் பிரியம். “நம்ப கிளாஸ்ல பாஸானவன் இவன் ஒருத்தன்தான் மாஸ்டர். பயப்படக் கத்துக்கினான்” என்பார்.

ரோடுகள் திறந்து பஸ் தினமும் ஓட ஆரம்பித்தபோது, மில்லுக்காரர் களத்தில் ஓர் ஒற்றுமை விழா வைத்தார். பெரிய அதிகாரி ஒருவர் தலைமை. நம் கிளாஸின் கத்தி ஆட்டம்தான் முக்கிய நிகழ்ச்சி. மில்லுக்காரர் இருபது பேருக்கும் புது வெள்ளை உடுப்பு எடுத்துக்கொடுத்தார். கொடுக்கும்போதே, “அந்த ஊதா பட்டா போகாதாமே மாஸ்டர்? போட்டோக்காரன் வேற வரான், பாத்துக்குங்க” என்றார். மாசிலாமணிக்கு அன்று பகல் டூட்டி. முந்தின நாளே ஆறு கத்தியையும் பாட்டிலையும் என்னிடம் கொடுத்து, “நெறைய தோச்சிடுங்க மாஸ்டர். வெள்ளைல நல்லா தெரியணும். ஜனங்க பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறு கத்திகளையும் மில் தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசினேன். அலசி, களத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லோடு நெல்லாக வெயிலில் வைத்தேன். மாதக்கணக்கில் மருந்து குடித்த துணி. எவ்வளவு அலசினாலும் பார்வைக்கு ஊதாவாகவேதான் இருக்கும். தொட்டால் விரலில் ஒன்றும் ஒட்டாது. சாயங்காலம் அதைத்தான் பையன்களிடம் கொடுத்தேன். மாசிலாமணியே தோய்த்துக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னேன். மாஸ்டர் சொன்னால் யார் மோந்து பார்க்கப்போகிறார்கள்?

ஏழுமலை அன்று மூன்று பேரிடமிருந்து கத்தி பறித்தான். நான்தான் அவனை ஓட வேண்டாம், இன்றைக்குப் பறித்துக் காட்டு என்று ஏற்றிவிட்டேன். அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். போட்டோக்காரர் எடுத்தது அந்த நேரத்தில்தான். ஆட்டம் முடிந்ததும் ஏழுமலை என்னிடம் ஓடிவந்தான். உடுப்பின் முன்பக்கத்தைப் பார்த்தான், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முதுகைக் காட்டி ஒரு சுற்றுச் சுற்றினான். “மாஸ்டர், பாருங்க மாஸ்டர், ஒண்ணுகூட வுழல! எனக்கு வந்துடுச்சி மாஸ்டர்!” என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவன் தோளில் தட்டி, “சபாஷ்டா” என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசிய அசிங்கமான வார்த்தை எது என்று யாராவது கேட்டால் அந்த சபாஷைத்தான் சொல்வேன்.

விழா முடிகிற நேரத்தில் மாசிலாமணி டூட்டி உடுப்போடு வந்தார். இருபது வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கத்தி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினார். விரலைப் பார்த்தார். மோந்து பார்த்தார். என்னை பாய்லர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “புள்ளைங்களுக்கு இன்னிக்கே சொல்லிடுங்க மாஸ்டர். முக்கியமா ஏழுமலைக்கு. அவன் நம்பிட்டான்” என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன் என்றேன். “நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா உங்கள காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்” என்றார். அந்தக் கத்தியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிறு வந்தது. மாசிலாமணிக்கு டூட்டி மாறியிருந்ததால் அவர் வரவில்லை. ஏழுமலை வந்தான். போட்டோவில் ஒரு காப்பி போட்டு பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பதாகச் சொன்னான். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள், புதன்கிழமை காலை, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுவதற்கு முன்னால் அது நடந்தது. ஒரு ஊரில் கல் விழும் என்று பயந்து டிரைவர் நிறுத்தாமல் ஓட்டிவிட்டார். அங்கே இறங்க வேண்டிய ஆள் ஒருவர் எழுந்து சத்தம் போட்டார். ஏழுமலை எதிர்த்துப் பேசினான். அந்த ஆள் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, “நிறுத்துடா வண்டிய” என்றார். அவரும் பயந்தவர்தான். ஒரு விசில் ஊதியிருந்தால் வண்டி நின்றிருக்கும், அவர் இறங்கிப் போயிருப்பார். ஏழுமலை மணிக்கட்டைப் பிடித்தான். விழாவில் பிடித்த அதே பிடி.

அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். செய்தி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது டாக்டர் தைத்து முடித்திருந்தார். உள்ளங்கையில் குறுக்கே ஒன்று, முன்கையில் நீளமாக ஒன்று. நரம்பு போய்விட்டது, வலது கை விரல்கள் இனி மடங்காது என்றார்கள். மாசிலாமணி கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கைகள் எப்போதும்போல வேலை செய்தன. வாய் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னது. “விசிலு வாயிலதானடா இருந்துச்சு. வாயிலதானடா இருந்துச்சு.”

ஏழுமலை கண்ணைத் திறந்தான். “டிரஸ்ஸரே, கத்திக்கு மருந்து போடறது நீங்கதான? அன்னிக்கு எம்மேல ஒரு கோடுகூட வுழலயே. இன்னிக்கு மட்டும் எப்பிடி வுழுந்துச்சு?” என்று கேட்டான். மாசிலாமணி கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கட்டில் கிழவர் இருமி முடித்துத் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் பார்த்தார். நான் சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் போஸ்டரைப் படித்தேன். பிறகு அவர் ஏழுமலை பக்கம் திரும்பி, “கத்தி என் கத்திதாண்டா. அன்னிக்கு அதுல மருந்து இல்ல. நான்தான் பாத்திருக்கணும். என் தப்பு” என்றார்.

வெளியே வந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை! “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தன், சொல்லல. அவனுக்கு யார் மேலயாவது கோவப்பட்டாத்தான தூக்கம் வரும்?” என்றார். கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி நின்று, “அவங்கவங்க கோட்ட அவங்கவங்கதான் எண்ணணும் மாஸ்டர். உங்களுக்கு நான் எண்ண மாட்டன்” என்றார். அதற்குப் பிறகு அவர் களத்துக்கு வரவே இல்லை. நான் வகுப்பைத் தொடர்ந்து நடத்தினேன். கோப்பைகள் வாங்கினேன். அந்தப் போட்டோவுக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன்.

கை போன கண்டக்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஏழுமலைக்குப் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு நேரம் எழுதுகிற டைம் ஆபீஸில் ஒரு மூலை கிடைத்தது. இடது கையால் எழுதப் பழகினான். மாசிலாமணி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னலில் நின்று, “ஏழுமல, சாப்ட்டியாடா?” என்று கேட்பார். ஏழுமலை தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பான். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். முப்பது வருஷத்துக்கு மேல் இது நடந்தது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து இதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என்னைக் கண்டால் மட்டும் ஏழுமலை எழுந்து நின்று, “வாங்க மாஸ்டர், டீ சாப்புடுங்க” என்பான். அந்த டீயைக் குடித்திருக்கிறேன்.

மாசிலாமணியின் சாவுக்கு அவன் வரவில்லை. காரியம் முடிந்த அன்று நான் அவர் வீட்டம்மாவிடம் தயங்கித் தயங்கி, பழைய மூங்கில் கத்தி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். “சொல்லி வெச்சிட்டுதான் போனாருங்க. மாஸ்டரா வந்து கேட்டா குடு, கேக்கலன்னா அடுப்புல போட்டுடுன்னாரு. நீயா எடுத்துக்கினு போயி குடுக்காதன்னாரு” என்றார். உள்ளே நான் அலசிய அதே கத்தி. வேறு எதற்கும் அதை அவர் பயன்படுத்தவில்லை. ஊதா கொஞ்சம் வெளுத்திருந்தது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மெடிக்கலில் ஒரு ஊதா மருந்து வாங்கிக்கொண்டு டைம் ஆபீஸுக்குப் போனேன். ஏழுமலை என்னைப் பார்த்ததும் எழுந்தான். “வாங்க மாஸ்டர். ஃப்ளெக்ஸ பாத்தீங்களா? அது என் ஒடம்பு மாஸ்டர். பெல்ட்டு முடிச்ச எடப்பக்கம் நான்தான் போடுவன்” என்றான். வெளியே எட்டிப் பார்த்தான். “கையி நல்லா கீது பாருங்க, அதுல.” பிறகு உட்கார்ந்து, “செத்த மனுசன ஒண்ணும் சொல்லக் கூடாது. இருந்தாலும் அன்னிக்கு அந்தாளு கத்திய ஒரே ஒரு தடவ தோச்சிருந்தா...” என்று இழுத்தான்.

பையிலிருந்து கத்தியை எடுத்து மேஜையில் வைத்தேன். தொட்டியில் அலசியதைச் சொன்னேன். நெல்லோடு காயவைத்ததைச் சொன்னேன். பாய்லர் பக்கம் அவர் சொன்னதையும், நான் வாயை மூடிக்கொண்டு இருந்த ஞாயிற்றுக்கிழமையையும், குடும்பக் கட்டுப்பாட்டுப் போஸ்டரையும் சொன்னேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியும். கேட்டுக்கொண்டே இருந்தவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “அவரு டெய்லி சாப்ட்டியான்னு கேப்பாரே. அப்பல்லாம் நீங்க அங்கதான டீக்கடையில இருப்பீங்க?” ஆமாம் என்றேன்.

ஏழுமலை பாட்டிலைப் பல்லால் திறந்தான். இடது கையால் கத்தியைப் பிடித்து ஓரம் முழுக்கச் சொட்டச் சொட்ட மருந்தை ஊற்றவைத்தான். ஊற்றியவன் நான். “நில்லு மாஸ்டர்” என்றான். அத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் ‘ங்க’ போடாமல் பேசியது அன்றுதான். என் வலது கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், அவனுக்குத் தழும்பு இருக்கிற அதே இடத்தில், மெதுவாக ஒரு கோடு இழுத்தான். வெள்ளிமலை பஸ் புறப்பட ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவன் நேரம் எழுதவில்லை.

“எண்ணு” என்றான்.

“ஒண்ணு” என்றேன்.

மடங்காத அந்த விரல்களில் ஒன்று வந்து என் நெஞ்சைத் தொட்டது. “கம்மியா சொல்ற மாஸ்டர்” என்றான். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மாசிலாமணி வந்து நிற்கிற ஜன்னல். அங்கே யாரும் இல்லை.

அடுத்த வாரம் அவருக்குப் படத்திறப்பு வைத்திருக்கிறீர்கள். திறக்கப்போவது அந்த ஃப்ளெக்ஸில் உள்ள படம்தான் என்று கேள்விப்பட்டேன். அதைச் செய்யாதீர்கள். டூட்டி உடுப்பில் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளோடு நிற்கிற படம் ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது, அதை மாட்டுங்கள். என் ஹாலில் இருந்த போட்டோவை நேற்று இறக்கிவிட்டேன்.

மாசிலாமணியிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது ஒரு மூங்கில் கத்தி. அவருடைய பிரியம், நட்பு என்றெல்லாம் எழுதலாம், அதெல்லாம் அவரே களத்தோடு திருப்பி வாங்கிக்கொண்டார். கையில் இருந்த கோடு இதை எழுதும்போது மங்கிக்கொண்டு வருகிறது. படத்திறப்புக்கு வரும் அன்று காலையில் கத்தியைத் தோய்த்து நானே இன்னொரு தடவை இழுத்துக்கொண்டு வருவேன். அன்று களத்தில் கைதட்டிய நீங்கள் எல்லோரும் இருப்பீர்கள். கையில் என்ன மாஸ்டர் என்று ஒருவராவது கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.